டைகருக்குத் துணையாகப் போனேன்

கொடைக்கானலுக்கு நான் இதுவரை பத்துப் பன்னிரண்டு தடவை போயிருப்பேன். முதல் தடவை போனது மட்டும் என் சொந்த மரியாதையில் இல்லை. அழைப்பு எங்கள் வீட்டு நாய்க்கு வந்தது. நான் அதற்குத் துணையாகப் போனேன். அந்தப் பயணத்தில் கல்யாணம் நிச்சயமாவதாக ஏற்பாடு. (எனக்குத்தான், நாய்க்கு இல்லை. இதை அடிக்கடி தெளிவுபடுத்த வேண்டியிருக்கிறது.)

எண்பதுகளின் தொடக்கம் அது. பழனி அடிவாரத்தில் அப்பா விபூதி, சந்தனம், பஞ்சாமிர்தம் விற்கும் கடை வைத்திருந்தார். எனக்கு இருபத்தாறு வயது. பி.காம். முடித்துவிட்டு, பெரிய வேலைக்கு முயற்சி செய்வதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு, அதே கடையில் விபூதிப் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தேன். வீடு சுத்த சைவம். முட்டை என்ற சொல்லைக்கூட அம்மா வீட்டுக்குள் அனுமதிக்க மாட்டாள். கோழி போடுவது என்பாள்.

ஒரு மழை நாளில் கடைக்குள் ஒதுங்கிய குட்டிதான் டைகர். பழுப்பு நிறம், இடது காது மட்டும் மடங்கியிருக்கும். பெயருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மூன்று வேளையும் தயிர்சாதம். கிருத்திகையன்று வீட்டில் சாயங்காலம் வரை அடுப்பு எரியாது, ஆகவே டைகருக்கும் சோறு கிடையாது. அப்பா இதை வேறு விதமாகப் புரிந்துகொண்டார். "எங்க டைகர் கிருத்திகை விரதம் இருக்குங்க. பச்சைத் தண்ணி பல்லுல படாது" என்று கடைக்கு வருகிற பக்தர்களிடம் சொல்ல ஆரம்பித்தார். அவர்கள் பசியில் சுருண்டு கிடக்கும் டைகரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். என் பங்குக்கு நானும் ஒன்று சேர்த்தேன். யாரோ எலும்பை எறிந்ததாகவும், டைகர் அதை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதாகவும் சொல்லி வைத்தேன். எறிந்தது எலும்பு இல்லை, முருங்கைக்காய்ச் சக்கை. முகத்தைத் திருப்பியது உண்மை.

இந்தப் புகழ் ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் காதுக்குப் போயிற்று. மனைவியை இழந்தவர், ஒரே மகளுக்குச் சுத்த சைவ வீட்டில் வரன் தேடிக்கொண்டிருந்தவர். கோயிலுக்கு வந்த சாக்கில் மகளோடு எங்கள் கடைக்கு வந்தார். அவர் அப்பாவிடம் கல்யாணப் பேச்சு பேசிக்கொண்டிருக்க, அந்தப் பெண் பட்டுப்புடவையோடு தெருவில் குத்தவைத்து உட்கார்ந்து, டைகரின் மடங்கிய காதைத் தூக்கிப் பார்த்தாள். பெயர் விசாலம்.

"இதுக்கு வயித்துக்கு என்ன போடுறீங்க?" என்று என்னிடம் கேட்டாள்.

"தயிர்சாதம்ங்க."

"மூணு வேளையுமா?"

"ஆமாங்க."

"பாவம்ங்க" என்றாள்.

அவ்வளவுதான் பேச்சு. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பாவம் என்னைப் பார்த்துச் சொன்னதாகவே ஒரு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று முடிவும் செய்துவிட்டேன். (என்னிடம் யாரும் முடிவு கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.)

மே மாதம் தாசில்தாரிடமிருந்து கடிதம் வந்தது. சீசனுக்குக் கொடைக்கானலில் உறவினர் பங்களாவில் தங்கியிருப்பதாகவும், 'தாங்கள் குடும்பத்துடனும், மேற்படி நாயுடனும்' ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வந்து சேரவேண்டும் என்றும் எழுதியிருந்தார். மாப்பிள்ளையைப் பற்றித் தனியாக ஒரு வரிகூட இல்லை. குடும்பத்தில் அடக்கம் போலிருக்கிறது.

சனிக்கிழமை வெள்ளனே பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். அப்பா, கையில் எலுமிச்சம்பழத்தோடு அம்மா, பையோடு நான், சணல் கயிற்றில் டைகர். கண்டக்டர் படியிலேயே மறித்தார்.

"நாயெல்லாம் ஏத்த முடியாதுங்க."

"இது நாயின்னு யாரு சொன்னா?" என்றார் அப்பா. "கிருத்திகை விரதம் இருக்கிற ஜீவன். அடிவாரத்துல வந்து கேட்டுப் பாருங்க."

கண்டக்டருக்கும் செய்தி தெரிந்திருந்தது. "ஓ, அந்த டைகரா" என்று குனிந்து ஒருமுறை பார்த்தார். "சரி, கடைசி சீட்டுல வெச்சுக்கங்க. யாரையாச்சும் கடிச்சா நான் பொறுப்பில்ல."

அப்பாவும் அம்மாவும் முன்னால் உட்கார்ந்தார்கள். நானும் டைகரும் கடைசி சீட்டு. பக்கத்தில் வெற்றிலை போட்ட ஒரு அம்மாள், காலடியில் சாக்கு போட்டு மூடிய பெரிய கூடை. மலைப்பாதை தொடங்கியதும் டைகர் ஒவ்வொரு வளைவுக்கும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சறுக்கியது. நாலாவது வளைவில் காலைத் தயிர்சாதத்தை நான் போட்டிருந்த சட்டையிலேயே திருப்பிக் கொடுத்தது. துடைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். நாளைக்கு விசாலத்திடம் என்ன பேசலாம் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். டைகரும் அடங்கிவிட்டது. மலைக்காற்று அதற்கு ஒத்துக்கொண்டது என்று சந்தோஷப்பட்டேன்.

"ஏலே தம்பி" என்று ஒரு குரல். "ஒன் நாயி ஏங் கூடைக்குள்ள மண்டைய விட்டுக்கெடக்கு பாரு."

பார்த்தேன். சாக்கு விலகியிருந்தது. டைகரின் தலை கூடைக்குள் இருந்தது, வால் மட்டும் வெளியே சுழன்றுகொண்டிருந்தது. ஐந்து வருடத்தில் அந்த வால் அந்த வேகத்தில் ஆடி நான் பார்த்ததில்லை. கயிற்றைப் பிடித்து இழுத்தேன். வாயின் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்க ஒரு முழு வாளைக் கருவாட்டோடு வந்தது.

"அக்கா, சத்தம் போடாதீங்க. முன்னால எங்க அப்பா இருக்காரு."

"ஒங்கப்பாரு இருந்தா எனக்கென்ன? நாயி வாய் வெச்சத எவ வாங்குவா?"

"நான் வாங்கிக்கிறேன்க்கா."

கடிபட்டது, நக்குப்பட்டது எல்லாவற்றையும் பொறுக்கி, பேப்பரில் சுற்றி என் கையில் கொடுத்தாள். அப்புறம்தான் என் நெற்றியில் இருந்த விபூதிப் பட்டையைக் கவனித்தாள். பொட்டலத்தைப் பார்த்தாள். மறுபடியும் நெற்றியைப் பார்த்தாள்.

"சரி சரி, நான் யாருட்டயும் சொல்லல. வெரசா உள்ள வையி" என்றாள்.

அந்தப் பதற்றத்தில் பொட்டலத்தைப் பைக்குள் திணித்தேன். அதற்கு நேர் கீழே, நாளைக்குப் பெண் பார்க்கப் போகும்போது போடுவதற்காக இஸ்திரி போட்டு மடித்த வெள்ளைச் சட்டை இருந்தது. இருபத்தாறு வயதில் எனக்கு இருந்த புத்தி அவ்வளவுதான்.

வடகவுஞ்சிப் பக்கம் டீக்கு பஸ் நின்றது. அப்பாவின் கண்ணில் படாமல் பொட்டலத்தைப் பள்ளத்தில் வீசிவிட்டு வந்தேன். அதற்குள் அவர் டீக்கடையில் கூட்டம் சேர்த்துவிட்டார்.

"கொடைக்கானல்ல ஒரு தாசில்தாரு இதைப் பாக்கணும்னே லெட்டர் போட்டுருக்காருங்க. ஏன்டா, டைகர் ஒழுங்கா வந்துச்சா?"

"சாமி மாதிரி வந்துச்சுப்பா" என்றேன். டைகர் மீசையை நக்கிக்கொண்டிருந்தது.

கொடைக்கானலில் இறங்கியபோது எதிரே வருகிறவர் முகம் தெரியாத பனி. லாட்ஜ் மேனேஜர் டைகரைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார்.

"டாக்ஸ் அலவுட் இல்ல சார். போன சீசன்ல ஒரு ஃபேமிலி பாமரேனியன் கொண்டுவந்தாங்க. ரெண்டு பெட்ஷீட் போச்சு."

"இது வெஜிடேரியனுங்க" என்றார் அப்பா.

"வெஜ்ஜோ நான்வெஜ்ஜோ, பெட்ஷீட் பெட்ஷீட்தான சார்."

முடிவில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அறை கிடைத்தது. எனக்கும் டைகருக்கும் பின்னால் விறகுக் கொட்டகை. (தனியாக விட்டால் அது ஊளையிடும் என்று என்னையும் சேர்த்துத் தள்ளிவிட்டார்கள்.) சாயங்காலம் அவர்கள் ஏரியில் படகுச் சவாரி போனார்கள். என் முதல் கொடைக்கானல் சுற்றுலாவில் நான் முதலில் கண்ட காட்சி யூகலிப்டஸ் மரம்தான், அதுவும் விறகாக.

ஊர் சுற்றிப் பார்க்க ஆசை இல்லாமலில்லை. ஆனால் டைகர்மேல் கருவாட்டு வாசம் கும்மென்று அடித்தது. முதலில் காற்றோட்டத்துக்காக ஏரியைச் சுற்றிக் கூட்டிப் போனேன். சவாரிக் குதிரை ஒன்றைக் கண்டதும் டைகர் என் வேட்டிக்குள் புகுந்துகொண்டு, வெளியே வர மறுத்துவிட்டது. அது அடியில் நடக்க, நான் மேலே காலை அகட்டிவைத்து நடக்க, அரைக் கிலோமீட்டர் வந்தோம். ஒரு வெளிநாட்டுக்காரர் போட்டோ எடுத்தார். அந்தப் படம் இன்னும் எந்த நாட்டு வீட்டில் யாரைச் சிரிக்கவைத்துக்கொண்டிருக்கிறதோ தெரியாது.

பிறகு லாட்ஜ் குழாயடியில் குளிப்பாட்டினேன். ஐஸ் தண்ணீர். டைகர் என்னை ஒரு பார்வை பார்த்தது. அந்தப் பார்வைக்கு நான் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. நனைந்ததும் வாசம் இரண்டு பங்காயிற்று. இரவல் வாங்கி வந்த ஸ்வெட்டரை அதற்குச் சுற்றிவிட்டு, கடைத்தெருவில் யூகலிப்டஸ் தைலம் வாங்கி வந்தேன். டைகரின் கழுத்துக் கயிற்றில் இரண்டு சொட்டு விட்டேன். என் வெள்ளைச் சட்டையிலும் அதே வாசம் இருந்ததால் அதிலும் இரண்டு சொட்டு விடப்போனேன். விரல் விறைத்திருந்தது. பாட்டில் முழுக்கக் கவிழ்ந்தது. மாற்றிக்கொள்ள வேறு சட்டை இல்லை. இருந்த இன்னொன்றில் நாலாவது வளைவுத் தயிர்சாதம் இருந்தது. மறுநாள் காலையில் அந்த வெள்ளைச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டேன். ஜலதோஷம் பிடித்த மீன் மார்க்கெட் மாதிரி மணந்தேன்.

பங்களா வட்டக்கானல் போகிற பாதையில் இருந்தது. வாசலில் தாசில்தார் ஓவர்கோட்டும் குல்லாவுமாக நின்றார். கும்பிட்ட அப்பாவை விட்டுவிட்டு, அப்பா கையால் நெற்றியில் மூன்று பட்டை விபூதி போட்டுக்கொண்டு நின்ற டைகரைத்தான் முதலில் பார்த்தார்.

"வாங்க, வாங்க. இதுதானா அது?" என்றார். அப்புறம் மூக்கை உறிஞ்சினார். "மாப்பிள்ளைக்குச் சளியோ? தைலம் நெறையத் தேச்சிருக்கீங்க."

"ஆமாங்கய்யா. குளிர் ஒத்துக்கல."

"சரி. நாயைப் பின்பக்கம் கட்டச் சொல்லுங்க. அப்புறமா ஆய்வு வெச்சுக்கலாம்."

ஆய்வு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு நிஜமாகவே குளிர் எடுத்தது. பங்களாவைப் பார்த்துக்கொள்ளும் செல்லம்மா வந்து கயிற்றை வாங்கினாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பம். பின்கட்டில் அவளுக்கு வீடும் அடுப்பும். "வாடா ராசா, குளிருதா? பாண் துண்டு தின்பியா?" என்று பேசிக்கொண்டே டைகரைக் கூட்டிப் போனாள். (பாண் என்றால் அவர்கள் பேச்சில் ரொட்டி.)

உள்ளே கேசரி, பஜ்ஜி வந்தது. விசாலம் காப்பித் தட்டோடு வந்தாள். என்னிடம் வந்ததும் ஒரு நிமிஷம் நின்றாள். மூக்கு லேசாக அசைந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். சட்டென்று உள்ளே போய்விட்டாள். வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன். அதற்கப்புறம் அரை மணி நேரம் அவளைக் காணவில்லை.

தாசில்தார் தொண்டையைச் செருமினார். "முப்பது வருஷ சர்வீஸ்ல ஸ்தலத்தை நேர்ல பாக்காம நான் ஒரு கையெழுத்துப் போட்டதில்லீங்க. பட்டாவா இருந்தாலும் சரி, பொண்ணா இருந்தாலும் சரி. வெராந்தாவுல ரெண்டு தட்டு வைக்கச் சொல்லியிருக்கேன். ஒண்ணுல தயிர்சாதம். இன்னொண்ணுல கறிச்சோறு. கறி நம்ம அடுப்புல வெச்சதில்ல, செல்லம்மா வீட்டுது. நாய் எதைத் தொடுதுன்னு பாப்போம்."

"தாராளமாப் பாருங்க" என்றார் அப்பா. "கறிப் பக்கம் மூக்கக்கூடத் திருப்பாது."

எனக்கு வாயில் இருந்த கேசரி உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. நேற்றுச் சுழன்ற வால் கண்ணுக்குள் நின்றது. அப்பா மானம் போகப்போகிறது, அது கிடக்கட்டும். விசாலம் எனக்கு இல்லையென்று ஆகப்போகிறது. தெருவில் குத்தவைத்து நாயின் காதைத் தூக்கிப் பார்க்கிற பெண் இந்த உலகத்தில் இன்னொருத்தி இருப்பாள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

வெராந்தாவில் எல்லோரும் வரிசையாக நின்றோம். விசாலமும் கதவோரம் வந்து நின்றாள். செல்லம்மா டைகரை அவிழ்த்துவிட்டாள். நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து இரண்டு தட்டுக்கும் நடுவில் நின்றது. கறியிலிருந்து ஆவி பறந்தது. டைகர் கறித் தட்டுப் பக்கம் மெதுவாகத் தலையைத் திருப்பியது.

"ஐயா, அது கருவாடு தின்னுச்சுங்க" என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"யாருடா?" என்றார் அப்பா.

"டைகருப்பா. நேத்து பஸ்ல. ஒரு முழு வாளை. நாந்தான் மறைச்சேன்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. உண்மை வெளியே வரத் தொடங்கினால் பாதியில் பிரேக் பிடிக்காது என்பதை அன்றுதான் கண்டேன். "எலும்பப் பாத்து மூஞ்சியத் திருப்புச்சுன்னு நாஞ் சொன்னதும் பொய்ங்க. அது முருங்கைக்கா. நானும் சைவமில்லீங்க. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஆம்லெட்டு திம்பேன். மதுரையில படிக்கையில பிரியாணி ரெண்டு தடவ. இல்லீங்க, மூணு தடவ."

அம்மா படியில் உட்கார்ந்துவிட்டாள். அப்போது சளக் சளக்கென்று ஒரு சத்தம் கேட்டது. திரும்பினோம்.

டைகர் தயிர்சாதத் தட்டுக்குள் முகத்தைப் புதைத்திருந்தது. ஒரு பருக்கை விடாமல் தின்றது. தட்டை நக்கி நக்கி வெராந்தாவின் அந்தக் கோடிவரை தள்ளிக்கொண்டு போனது. கறித் தட்டை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தின்று முடித்து நேராக என்னிடம் வந்து, என் வேட்டியில் வாயைத் துடைத்துக்கொண்டது.

தாசில்தார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"நாய் விஷயத்துல எனக்குப் பூரணத் திருப்தி" என்றார். "மாப்பிள்ளை விஷயந்தான் நிலுவையில இருக்கு."

ஊர் திரும்பும்போது அப்பா டைகரைத் தன் பக்கத்தில் முன் சீட்டில் உட்காரவைத்துக்கொண்டார். கடைசி சீட்டில் நான் மட்டும் தனியாக வந்தேன். பழனி வரும்வரை அவர் டைகரிடம்தான் பேசினார்.

பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. மாப்பிள்ளையை ஆறு மாத காலம் கண்காணிப்பில் வைத்திருப்பதாக எழுதியிருந்தார். சொன்னபடியே செய்தார். முன்னறிவிப்பில்லாமல் மூன்று தடவை கடைக்கு வந்து, "மாப்பிள்ளை, எங்க, வாயை ஊதுங்க" என்றார். பக்தர்கள் முன்னிலையில் ஊதினேன். ஆறு மாதம் முட்டைக் கடை இருக்கும் தெருவழியாகக்கூடப் போகவில்லை. தை மாதம் கல்யாணம் நடந்தது. கல்யாண போட்டோவில் எனக்கும் விசாலத்துக்கும் நடுவில் டைகர் உட்கார்ந்திருக்கிறது. அது மாமனாரின் கட்டளை.

அடுத்த மே மாதம் நாங்கள் அதே பங்களாவுக்குப் போனோம், டைகரோடுதான். மாமனார் உள்ளே தூங்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், விசாலத்தைக் காணோமே என்று பின்கட்டுக்குத் தேடிக்கொண்டு போனேன். செல்லம்மாவின் அடுப்படியில் மணைபோட்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் சோறு, அதன்மேல் ஆட்டுக்கறிக் குழம்பு. ஒரு எலும்பைக் கடித்து உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"எத்தன வருசமா?" என்று கேட்டேன். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

"பன்னெண்டு வயசுல இருந்து. லீவுக்கு வாரப்பல்லாம்" என்றாள், எலும்பைக் கீழே வைக்காமலே. "அன்னைக்குக் காப்பி குடுக்க வந்தேன்ல, உங்க சட்டையில கருவாட்டு வாசம் அடிச்சுச்சு. அவ்வளவு தைலத்துக்கும் மேல அடிச்சுச்சு. சரி, நம்ம ஆளுதான்னு நெனச்சேன்."

நான் அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"அப்பா தட்டு வைக்கப் போறாருன்னு எனக்குத் தெரியும். ஓடி வந்து எம் பங்குக் கறியத் தூக்கி டைகருக்குப் போட்டேன்."

"எங்க கறி நல்ல உறைப்பு தம்பி" என்றாள் செல்லம்மா. "நாலு துண்டு தின்னதுமே நாக்கு வெளிய தொங்கிருச்சு. அதுக்குப் பொறகு கறியக் கண்டா பயந்துதான் பாக்கும், தயிரக் கண்டா விடுமா? விளங்குதா?"

"எம் பங்கையும் குடுத்து நாயப் பாஸ் பண்ண வெச்சேன்" என்றாள் விசாலம். "நீங்க என்னடான்னா மூணு பிரியாணியையும் வரிசையா ஒப்பிச்சீங்க. ஆறு மாசம் தள்ளிப்போச்சு."

டைகர் அவள் மடியில் தலை வைத்துக் காத்துக்கொண்டிருந்தது. எனக்கும் ஒரு தட்டு வைக்கச் சொன்னாள். என் வாழ்நாளில் நான் அவ்வளவு சந்தோஷமாகச் சாப்பிட்டதில்லை, கண்ணில் தண்ணீர் வந்தது. (உறைப்பினால்தான்.)

மாமனார் கடைசிவரை எந்த விசேஷத்திலும் பந்தியில் உட்கார்ந்ததும் என்னைக் காட்டி, "நாயப் பாத்துப் பொண்ணு குடுத்தேன்" என்று ஆரம்பித்துவிடுவார். பந்தியே சிரிக்கும். அவர் போய், டைகர் போய், இப்போது என் பேத்தி அதே குரலில் அதைச் சொல்லிக் காட்டுகிறாள். முடிவில் அவர் சேர்க்கும் வரியையும் விடுவதில்லை: "நம்ம குடும்பத்துல சந்தேகத்துக்கே இடமில்லாத சைவம் ரெண்டே பேருதான். ஒண்ணு டைகரு, இன்னொண்ணு எம் பொண்ணு." அதைக் கேட்கும்போதெல்லாம் விசாலம் என் இலையில் இன்னொரு கரண்டி சோறு வைப்பாள், நானும் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவேன்.